சேதுபதியைத் தேடிச் சென்னைக்கு

பாம்பனில் என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் சரித்திரப் பாடம் நடத்தியவர். நான் எழுதுவதையெல்லாம் அச்சுக்குப் போவதற்கு முன் வாங்கிப் படித்துக் குற்றம் கண்டுபிடிப்பதை ஒரு கைங்கரியமாகவே செய்து வருகிறார். சென்ற ஜனவரி மாதத்தில் ஒரு சாயங்காலம் என் நாவலின் கடைசி அத்தியாயத்தைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு வந்தார்.

"தம்பி, 'சிறையின் ஜன்னல் வழியே சேதுபதி கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்'னு எழுதியிருக்கீக. அங்கே ஜன்னல் இருந்துச்சா?"

"இருந்திருக்கும், ஐயா."

"கடலு?"

"சென்னைக் கோட்டை கடற்கரையில்தானே இருக்கிறது?"

"இருந்திருக்கும், இருக்கிறது! நேரே போய்ப் பாத்தீகளா?"

பார்க்கவில்லை. சென்னைப் பட்டணத்துக்கு ஐம்பது தடவையாவது போயிருப்பேன். கோட்டையைப் பஸ்ஸிலிருந்து பார்த்ததோடு சரி. சரித்திர நாவல் எழுதுகிறவன் சரித்திரம் நடந்த இடத்தைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, சிறை ஜன்னலைப் பற்றி எழுதுவது கொஞ்சம் வெட்கக்கேடான விஷயந்தான். அந்த வாரமே புறப்பட்டுவிட்டேன்.

நாவலின் கதாநாயகர் முத்துராமலிங்க சேதுபதி. 1760-ல் பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே பட்டத்துக்கு வந்தவர். அவர் பெயரால் தாயார் முத்துத் திருவாயி நாச்சியார் ஆட்சியைக் கவனித்துக்கொண்டார். 1772 ஜூன் 2-ஆம் தேதி ஆற்காட்டு நவாபு முகமது அலியின் மகன் உம்தத்-உல்-உமராவும், கும்பெனியின் தளபதி ஜோசப் ஸ்மித்தும் சேர்ந்து இராமநாதபுரம் கோட்டையைப் பிடித்தார்கள். பன்னிரண்டு வயதுப் பையனையும் தாயாரையும் திருச்சிராப்பள்ளிக்குக் கொண்டு போய்ச் சிறை வைத்தார்கள். அதே மாதம் 25-ஆம் தேதி பக்கத்துச் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் காளையார்கோவிலில் கொல்லப்பட்டார். ஹைதர் அலி கர்நாடகத்தின்மீது படையெடுத்து வந்த நெருக்கடியில், சேது நாட்டுக்குள்ளும் கலகம் மூண்டு அடங்காமற் போகவே, 1781-ல் நவாபு அவரை விடுவித்து மறுபடி பட்டத்தில் உட்கார்த்தி வைத்தான்.

உட்கார்ந்தவர் சொன்னபடி கேட்கவில்லை. கும்பெனியார் நம் கைத்தறித் துணிகளைத் தாங்கள் மட்டுமே வாங்கவேண்டும் என்றார்கள். சுங்கத்தில் சலுகை கேட்டார்கள். பாம்பன் கால்வாய் வழியே போகிற தோணிகளிடம் தலைமுறை தலைமுறையாகச் சுங்கம் வாங்கிய நாடு இது. சேதுபதி இரண்டுக்கும் மறுத்தார். 1795 பிப்ரவரி 8-ஆம் தேதி மார்ட்டின்ஸ் என்ற தளபதியின் சிப்பாய்கள் அவருடைய அரண்மனைக்குள்ளேயே அவரைப் பிடித்தார்கள். மீண்டும் திருச்சிராப்பள்ளிக் கோட்டை. பிறகு சென்னையின் புனித ஜார்ஜ் கோட்டை. 1809 ஜனவரி 23-ஆம் தேதி அங்கேயே இறந்துபோனார். நாற்பத்தெட்டு வயது வாழ்ந்த மனிதர். அதில் சுமார் 23 வருஷம் சிறையில். இதற்கிடையில் 1803-ல் அவருடைய தமக்கை மங்களேசுவரி நாச்சியாருக்குச் சேது நாட்டை ஜமீனாக எழுதிக் கொடுத்தார்கள். இராமநாதபுரம் தலைநகரம் என்ற அந்தஸ்து போய் ஜமீன் கிராமங்களுக்குக் கிஸ்தி வசூலிக்கும் ஊராயிற்று.

இந்த விவரங்களை நம் காலத்தில் கும்பெனியாரின் பழைய தஸ்தாவேஜுகளிலிருந்து தோண்டி எடுத்து நூலாக எழுதியவர் இராமநாதபுரத்து ஆராய்ச்சியாளர் எஸ். எம். கமால். 'விடுதலைப் போரில் சேதுபதி மன்னர்' என்பது நூலின் பெயர். என் நாவலில் உண்மை என்று ஏதாவது இருந்தால் அது பெரும்பாலும் அவரிடமிருந்து வந்தது. மிச்சமெல்லாம், அந்த ஜன்னல் உள்பட, என் சரக்கு.

சென்னைக்குப் போகும் வழியில் இராமநாதபுரத்தில் இறங்கி ஒரு பகல் தங்கினேன். 'அரண்மனை' என்றால் பஸ் கண்டக்டர் இறக்கிவிட்டுவிடுவார். கோட்டை மதில் இன்று இல்லை. 1710-ல் காலமான கிழவன் சேதுபதி, போகலூரிலிருந்து தலைநகரத்தை இங்கே மாற்றிக் கல்லால் எழுப்பிய மதில் அது. மதில் போனாலும் அவர் கட்டிய இராமலிங்க விலாசம் இருக்கிறது. தமிழ்நாடு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் காட்சிக்கூடமாக இருக்கிறது. வெயிலில் நடந்து வந்து அந்த மண்டபத்துக்குள் நுழைந்தால் முதலில் கண் தெரிவதில்லை. மெல்ல மெல்லச் சிவப்பு நிறம் எழும்பி வருகிறது. பிறகு மஞ்சள். பிறகு ஆட்கள். சுவர், தூண், வளைவு என்று இடம் விடாமல் எழுதியிருக்கிறார்கள். ஒரு பக்கம் பாகவதம், ஒரு பக்கம் இராமாயணம், ஒரு பக்கம் ராஜா ஐரோப்பியர்களுக்குப் பேட்டி கொடுக்கிறார். ஒரு சுவரில் யுத்தம்.

யுத்தம் யாருக்கும் யாருக்கும்? நமக்கும் தஞ்சாவூர் மராட்டியருக்கும். 1725 வரை ஆண்ட முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்துச் சித்திரங்கள் இவை. எதிரி தஞ்சை மன்னர் முதலாம் சரபோஜி. குதிரைகள் பாய்கின்றன, பீரங்கிகள் வாய் திறந்து நிற்கின்றன, வாளும் ஈட்டியுமாகக் காலாட்கள் மோதுகிறார்கள். நம் ஆட்களுக்கும் எதிரி ஆட்களுக்கும் உடுப்பையும் தலைப்பாகையையும் வைத்து வித்தியாசம் தெரியும்படி எழுதியிருக்கிறான் சித்திரக்காரன். யார் ஜயிக்கிறார்கள் என்பதைப் பற்றி அவனுக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

நான் அந்தச் சுவருக்கு முன்னால் வெகு நேரம் நின்றேன். சொந்த ஊர் ஜயிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வர்ணம் காய்ந்து சில வருஷங்களுக்குள் என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியும். முத்து விஜய ரகுநாதர் 1725-ல் கண்ணை மூடினார்; வாரிசுச் சண்டை வந்தது; சண்டை போட்டவர்கள் எல்லாம் உதவிக்கு ஓடியது தஞ்சாவூருக்குத்தான். தஞ்சைப் படை வந்தது. சேது நாட்டில் பாம்பாற்றுக்கு வடக்கே இருந்த பகுதி தஞ்சாவூரோடு போயிற்று. எஞ்சியதை ஐந்து பங்காக்கி, இரண்டு பங்கு 1730 வாக்கில் சிவகங்கைச் சீமை ஆயிற்று. இதைச் சுவரில் யாரும் எழுதவில்லை. எழுதுவதற்குக் கூலி கொடுப்பார் யார்?

1772-ல் ஸ்மித்தின் சிப்பாய்கள் பிடித்ததும் இதே அரண்மனையைத்தான். பன்னிரண்டு வயதுப் பையன் இந்தச் சிவப்புச் சுவர்களுக்கு நடுவிலேதான் வளர்ந்தான். இதே மராட்டியக் குதிரைகளை எண்ணிப் பார்த்திருப்பான். யுத்தம் என்றால் நாம் ஜயிப்பது என்றுதான் அந்தச் சுவர் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கும்.

ராத்திரி ரயில் ஏறினேன். மானாமதுரை, புதுக்கோட்டை, நடுநிசிக்குத் திருச்சி. பிளாட்பாரத்தில் இறங்கி டீ குடித்துக்கொண்டிருந்தபோதுதான், நான் போகிற பாதை கைதியைக் கொண்டுபோன பாதை என்பது நினைவுக்கு வந்தது. இராமநாதபுரம், திருச்சி, சென்னை. அவருக்கு அதைக் கடக்க வருஷக்கணக்கு ஆயிற்று. எனக்கு ஒரு ராத்திரி. டீ சூடாக இருந்தது. ரயில் விசில் கொடுத்துவிட்டதால் பாதியைக் கொட்டிவிட்டு ஓடினேன்.

சென்னையில் கோட்டைக்குள் போவது சுலபமல்ல. சட்டசபையும் தலைமைச் செயலகமும் அதற்குள்ளேயே இருப்பதால் வாசலில் பையைத் திறந்து காட்டிப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. "எங்கே போகணும்?" என்று கேட்டார் காவலர். "மியூசியத்துக்கு" என்றேன். இந்த வாசலில் இப்படிப்பட்ட பதில் அவருக்கு அதிகம் கிடைப்பதில்லை போலிருக்கிறது. என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்துவிட்டு அனுப்பினார்.

கோட்டைக் காட்சிசாலை 1948-ல் திறக்கப்பட்டது. கட்டடம் அதற்கு வெகு காலம் முந்தியது. வியாபாரிகள் கூடிப் பேரம் பேசுவதற்காகக் கட்டியது. கட்டி முடித்த வருஷம் 1795. அந்த வருஷத்தைப் படித்ததும் திடுக்கிட்டேன். இராமநாதபுரத்தில் சேதுபதியை அரண்மனையிலிருந்து இழுத்து வந்த வருஷத்தில் இங்கே சுண்ணாம்பு பூசிப் புதுமனை புகுந்திருக்கிறார்கள்.

உள்ளே போனவுடன் கண்ணில் படுவது காரன்வாலிஸ் பிரபு. ஆளைப்போல இரண்டு பங்குக்கு மேல் உயரமான வெள்ளைச் சலவைக்கல் சிலை. லண்டனில் தாமஸ் பாங்க்ஸ் என்ற சிற்பி செய்தது. சிலையைவிட அதன் பீடத்தைத்தான் பார்க்கவேண்டும். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தோற்ற திப்பு சுல்தான் தன் பிள்ளைகள் இருவரைப் பிணையாக ஒப்படைத்தானல்லவா? அந்தக் காட்சியைக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். சின்னஞ்சிறு பையன்கள். அவர்களைக் கவர்னர் ஜெனரல் அன்போடு வரவேற்கிறார். ஜயித்தவனின் அன்பு எத்தனை அழகாகச் செதுக்கப்படுகிறது, பாருங்கள்! திப்புவின் மக்கள் 1794-ல் தகப்பனிடம் திரும்பிப் போய்ச் சேர்ந்தார்கள். இருபது வருஷம் முன்னால் பிடிபட்ட நம் பன்னிரண்டு வயதுப் பையனுக்கு ஒன்பது வருஷம் ஆயிற்று. அவனை எந்தச் சிற்பியும் செதுக்கவில்லை.

மாடியில் கவர்னர்கள், இங்கிலாந்து ராஜாக்கள், ராணிகள், ஆற்காட்டு நவாபுகள் எல்லாரும் எண்ணெய்ச் சாயத்தில் இருக்கிறார்கள். கீழே துப்பாக்கிகள், வாள்கள், பதக்கங்கள், நாணயங்கள். 1947 ஆகஸ்டு 15-ஆம் தேதி இந்தக் கோட்டையில் ஏற்றிய நம் கொடியும் கண்ணாடிக்குள் இருக்கிறது. அதற்கு முன்னால் சில நிமிஷம் மௌனமாக நின்றேன். அதன்பின் ஒவ்வொரு பலகையாகப் படித்துக்கொண்டு போனேன். நான் படித்த பலகைகளில் முத்துராமலிங்க சேதுபதி என்ற பெயர் இல்லை. பீரங்கி எந்த ஊரில் வார்த்தது என்பதற்குப் பலகை உண்டு. இந்தக் கோட்டைக்குள் ஒரு நாட்டு மன்னர் செத்தார் என்பதற்கு இல்லை.

வெளியே வந்து 1680-ல் பிரதிஷ்டையான புனித மேரி கோயிலுக்குள் நுழைந்தேன். அங்கே சாவுக்குப் பஞ்சமே இல்லை. சுவரெங்கும் நினைவுக் கற்கள். இன்ன யுத்தத்தில் இறந்த கர்னல், இன்ன காய்ச்சலில் இறந்த காப்டன், 1827-ல் வாந்திபேதியில் இறந்த கவர்னர் தாமஸ் மன்றோ. வாசலில் தரை முழுவதும் சமாதிப் பலகைகள். இவை ஒரு காலத்தில் கோட்டைக்கு வெளியே இடுகாட்டில் இருந்தவை. 1758-59-ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையை முற்றுகையிட்டபோது அந்தச் சமாதிகளின் மறைவில் நின்று சுட்டார்களாம். ஆகவே முற்றுகை நீங்கியதும் ஆங்கிலேயர் கற்களைப் பெயர்த்துக்கொண்டு வந்து இங்கே பரப்பிவிட்டார்கள். செத்தவர்கள் எதிரிக்கு உதவக்கூடாது என்ற ஜாக்கிரதையை நான் வியந்தேன்.

பிறகு என் முக்கியமான காரியத்தைப் பார்த்தேன்: கடல் எங்கே?

கிழக்கு மதிலோரம் நின்றால் கடல் தெரியவில்லை. மதிலுக்கு அப்பால் சாலை, அதற்கப்பால் மணல், மரங்கள், எங்கோ துறைமுகத்தின் பாரந்தூக்கிகள். வாத்தியார் கேட்ட கேள்வி நியாயந்தான் என்று மனம் சோர்ந்தது. ஆனால் இன்றைய கரை அன்றைய கரை அல்ல. சென்னைக்குத் துறைமுகம் கட்ட ஆரம்பித்தது 1870-களில்தான். அதன் சுவர் கடலுக்குள் நீண்டதும், தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிற மணல் அங்கே தடைபட்டுத் தெற்குப் பக்கத்தில் சேர ஆரம்பித்தது. கடல் பின்வாங்கிப் போயிற்று. அதற்கு முன் கடல் கோட்டை மதிலுக்கு வெகு அருகில் இருந்தது. கோட்டையின் கிழக்கு வாசலுக்குக் கடல் வாசல் என்றே பெயர். கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். மசூலாப் படகுகள் அலைகளைத் தாண்டிச் சரக்கையும் துரைகளையும் ஏற்றி இறக்கும். ஆக, 1809-ல் கோட்டைக்குள் எந்த அறையில் இருந்தாலும், மதில் மறைத்து அலை தெரியாமற் போயிருக்கலாம். சத்தம் கேளாமல் இருந்திருக்க முடியாது. வங்காள விரிகுடாவின் அலை அந்தக் கரையில் அடிக்கிற அடி அப்படிப்பட்டது.

'பார்த்துக்கொண்டு நின்றார்' என்பதை 'கேட்டுக்கொண்டு படுத்திருந்தார்' என்று மாற்றிவிடலாம் என்று அங்கேயே நிச்சயம் செய்துகொண்டேன்.

கோட்டையைத் தாண்டித் தெற்கே நடந்தால், மெரினா தொடங்குகிற இடத்தில் போர் நினைவுச் சின்னம் நிற்கிறது. முதல் உலக யுத்தத்தில் நேச நாடுகள் ஜயித்ததை முன்னிட்டு எழுப்பியது. பின்னால் இரண்டாம் உலக யுத்தத்தையும், சுதந்திர இந்தியா நடத்திய யுத்தங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். குடியரசு தினத்தன்று கவர்னர் வந்து மலர் வளையம் வைப்பது இங்கேதான். நான் போனபோது காமராஜர் சாலையில் அணிவகுப்பு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. பாண்டு வாத்தியம் ஒரே மெட்டை நிறுத்தி நிறுத்தி வாசித்தது. சேதுபதி இறந்த தேதிக்கும் குடியரசு தினத்துக்கும் நடுவே மூன்று நாள்தான். மலர் வளையம் வைக்க வருகிறவர்கள் முந்நூறு கஜம் வடக்கே நடந்தால் அவர் இறந்த கோட்டை.

முதல் உலக யுத்தத்தோடு நம் கரைக்குச் சம்பந்தம் இல்லாமலில்லை. பாம்பனில் பழைய ரயில் பாலம் திறந்தது 1914 பிப்ரவரி 24. ஆகஸ்டில் யுத்தம் வந்துவிட்டது. செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு 'எம்டன்' என்ற ஜெர்மன் கப்பல் சென்னைக்கு எதிரே வந்து நின்று குண்டு போட்டது. எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. அதன் நினைவாக உயர்நீதிமன்ற வளாகத்தில் ஒரு கல் இருக்கிறது. அந்தக் கல்லைப் பார்த்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் இருக்கமாட்டார்கள். ஆனால் "அவன் சரியான எம்டன்" என்று தமிழ் நாட்டில் சொல்லாத வீடு இல்லை. சென்னையைவிட்டு மூட்டை முடிச்சோடு ஓடிய ஜனங்கள் தங்கள் பயத்தைப் பாஷைக்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதற்கு மலர் வளையம் வேண்டியதில்லை.

அந்த யுத்தத்துக்குப் போன சிப்பாய்கள் விஷயம் வேறு. டில்லியில் 1931-ல் திறந்த இந்தியா கேட்டில் 13,000-க்கும் மேற்பட்ட பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். நம் தென்னாட்டுக் கிராமங்கள் பலவற்றில் சின்னக் கல் ஒன்று இருக்கும். சாவடிச் சுவரிலோ, பள்ளிக்கூடத்திலோ பதித்திருக்கும். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று கணக்கு மாத்திரம் இருக்கும். பெயர் இருக்காது. ஊருக்கு ஊர் பெயர் கேட்டு எழுதக் கல்லுக்கும் கூலிக்கும் செலவாகும் என்று நினைத்தார்களோ என்னவோ. இராமலிங்க விலாசத்துச் சுவரிலும் அப்படித்தான். ராஜாவை அடையாளம் சொல்ல முடியும். ஈட்டி பாய்ந்து விழுகிறவன் யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்ல முடியாது. இதில் வெள்ளைக்காரனை மட்டும் கோபித்துக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

ரயிலுக்கு நேரம் இருந்ததால் எழும்பூர்க் காட்சிசாலையில் ஒரு சுற்றுச் சுற்றினேன். 1851-ல் தொடங்கியது. இதன் சேகரிப்பில் தஞ்சாவூரிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் வந்த வளரிகள் உண்டு. தந்தத்தில் செய்ததும் உண்டு. மரத்தில் செய்ததும் உண்டு. நம் சீமையில் ஓடுகிற மானையும் மனிதனையும் கால் தடுக்கி விழவைத்த ஆயுதம். சின்ன மருதுவிடம் வளரி எறியக் கற்றுக்கொண்டதாக ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலத் தளபதி எழுதி வைத்திருக்கிறான். பிறகு அதே மருதுவை வேட்டையாடிய படையில் அவனும் இருந்தான். 1801 அக்டோபர் 24-ஆம் தேதி திருப்பத்தூரில் மருதுவைத் தூக்கிலிட்டார்கள். குருதட்சிணை!

ரயில் நிலையத்துக்கு எதிரே சிவப்புக் கட்டடம் ஒன்று இருக்கிறது: தமிழ்நாடு ஆவணக் காப்பகம். கும்பெனியார் கூட்டம் போட்டுப் பேசியதும், கடிதம் எழுதியதும், செலவுக் கணக்குப் பார்த்ததும் தொகுதி தொகுதியாக அங்கே அடுக்கியிருக்கிறது. நம் சேதுபதி சென்னையில் இருப்பது அங்கேதான். அவரைப் பிடித்த உத்தரவும், சிறை வைத்த செய்தியும் அவரைப் பிடித்தவர்களின் கையெழுத்திலேயே இருக்கின்றன. கல்லில் அவரை ஒதுக்கியவர்கள் கணக்கில் ஒதுக்கவில்லை. கைதிக்கும் படிச் செலவு உண்டல்லவா?

மறுநாள் காலை மண்டபம் தாண்டி, 2025-ல் திறந்த புதுப் பாலத்தின்மேல் ரயில் ஊர்ந்தபோது பாம்பன் தெரிந்தது. தெற்கே குந்துகால் பக்கம் விவேகானந்தருக்கு நினைவிடம் இருக்கிறது. 1897 ஜனவரி 26-ஆம் தேதி இலங்கையிலிருந்து வந்து அவர் பாம்பனில் இறங்கியபோது வரவேற்றவர் பாஸ்கர சேதுபதி. இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தவருக்கு நினைவிடம் கட்டியிருக்கிறோம். இந்தக் கரையிலிருந்து கொண்டுபோகப்பட்டவருக்குச் சென்னைக்காரர்கள் கட்டவில்லை என்று நான் குறை சொல்வதற்கு முன், நாம் பாம்பனில் என்ன கட்டினோம் என்று யாராவது கேட்டுவிட்டால்? நல்ல வேளை, பெட்டியில் எல்லாரும் கடலைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் வாத்தியாரிடம் திருத்திய அத்தியாயத்தைக் கொடுத்தேன். துறைமுகம், மணல், கடல் வாசல் எல்லாம் விஸ்தாரமாகச் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

"'தன் அரண்மனையில் பாலப் பருவம் முதல் கேட்டுப் பழகிய அலையோசையை மறுபடி கேட்டுக்கொண்டு சேதுபதி படுத்திருந்தார்.' ம். தம்பி, ராம்நாடு அரண்மனையில அலைச் சத்தம் கேக்குமா?"

நான் பேசாமலிருந்தேன்.

"அங்கேயிருந்து கடல் எந்தப் பக்கம் போனாலும் பல மைலு. வடகடல் கிட்டத்திலே இருந்தாலும் அது சத்தம் போடாது. பெண்கடலுன்னு சும்மாவா சொல்றோம்? தென்கடல் சத்தமும் அரண்மனை மட்டும் வராது. மனுசன் சேதுவுக்கே ராஜா. ஆனா ராத்திரியிலே படுத்துக்கிட்டு அலைச் சத்தம் கேட்டது ஜெயில்லதான்."

காகிதத்தை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். பேனாவை எடுத்து 'தன் அரண்மனையில்' என்பதிலிருந்து 'மறுபடி' வரையில் அடித்தேன். மிச்சமிருந்தது மூன்று வார்த்தை. அவர் அதை ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டு, டீ போடச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார்.